புனாணையில் ஊற்றிய தண்ணீர்

குருநாகல் ஆசுபத்திரி
1938 மார்கழி 9

பிலோமினாவுக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதிலில்லை. வெள்ளத்தில் ரயில் பாதை உடைந்ததால் தபாலெல்லாம் பதுளைக்குப் போய்ச் சுற்றி வருகிறது என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மட்டக்களப்பு ஸ்டேசனில் கிளாக்காக இருக்கும் நல்லரத்தினத்தின் கடிதம் அதே பதுளைப் பாதையால் ஒழுங்காக வந்து சேருகிறது. உம்முடையது மட்டும் எந்த மலையில் ஏற முடியாமல் நிற்கிறது?

கேட்க ஆளில்லாவிட்டாலும் என் நிலைமையைச் சொல்கிறேன். வலது காலில் இடுப்பு வரை மாக்கட்டு. தலையில் தையல். கட்டிலுக்கு நேரே ஒரு கலண்டர் தொங்குகிறது. நமக்குக் கலியாணம் நடந்திருக்க வேண்டிய புதன்கிழமை முழுதும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். அதுவும் போயிற்று. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் நத்தார் முடியும்வரை கோயிலில் கலியாணம் வைக்க மாட்டார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உம்முடைய அப்பா ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஒற்றைக் காலில் கிடப்பது நான்.

அந்த விடியலில் நடந்தது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. நீரும் உம்முடைய பெரியம்மாவும் கொழும்பில் கலியாணச் சீலை எடுத்துக்கொண்டு அந்த ரயிலிலேயே வந்தீர்கள். கார்ட் வேலை எனக்கு. புனாணைக்கு இந்தப் பக்கம், காட்டு நடுவில், பாதைக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது என்று டிறைவர் வண்டியை நிறுத்தினார். பின்னால் வேறு வண்டி வந்து மோதாமல் தண்டவாளத்தில் வெடி வைக்க நான் இறங்கிப் போனேன். திரும்பி வரும்போது தண்டவாளத்து மண் அணை சரிந்து கடைசிப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதற்குள்தான் நீங்கள் இருந்தீர்கள். ஆட்களைத் தோளில் தூக்கி முன்பெட்டிக்குக் கொண்டுபோனது தெரியும். பெரியம்மா என் காதைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டது தெரியும். ஒரு மரம் வேரோடு அடித்துக்கொண்டு வந்தது. பிறகு ஒன்றும் தெளிவில்லை.

உங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தற்கால்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நல்லரத்தினம் எழுதியிருக்கிறான். உமக்கும் அப்பாவுக்கும் நொண்டி மாப்பிள்ளை வேண்டாமென்றால் அதை நேரே எழுதும். ஊரில் நாலு பேருக்கு முன்னால் உமக்காக என் ஆட்களோடு மல்லுக்கட்டினவன் நான். ஒரு வரி பதிலுக்காவது எனக்கு உரித்து இருக்கிறது.

கனகசிங்கம்


தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
1938 மார்கழி 19

அன்புள்ள கனகசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தன. பந்தற்கால் பிடுங்கியது உண்மை. மழையில் உக்கிப்போகும் என்று அப்பா பிடுங்கினார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்ததும் உண்மை. ஆனால் நான் எழுதாமல் இருந்ததற்கு உங்கள் காலும் காரணமில்லை, அப்பாவும் காரணமில்லை. எழுதப் பயந்தேன். நாலைந்து தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டுமென்று காலையிலேயே முத்திரையை ஒட்டிவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் ஏற்கனவே கிறிஸ்தவர். உங்களுக்கு ஞானஸ்நானம் தந்தது நான்.

பெரியம்மாவை முன்பெட்டியில் ஏற்றிவிட்டு வந்து என்னைத் தூக்கினீர்கள். என்னை அணையில் விட்டுவிட்டு, ஏறாவூர் வியாபாரி முகைதீன்பாவாவைக் கை பிடித்து இறக்கினீர்கள். அவருக்குப் பின்னால் வரும்போதுதான் மரம் அடித்தது. அவரும் நானும் உங்களை இழுத்து மேலே போட்டோம். தலையிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. கண் மேலே செருகிவிட்டது. மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. முதல்நாள் இரவு மாகோ ஸ்டேசனில் எங்கள் பெட்டி யன்னலுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது என்று நீங்கள் சொன்னது என் காதில் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆசைப்பட்டவர் சாகக் கிடந்தால் பக்கத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டும். அது கடமை. பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கே நான் அதைத்தான் படிப்பிக்கிறேன்.

சுற்றிலும் சேற்றுத் தண்ணீர். அதை அள்ளி உங்கள் தலையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. முகைதீன்பாவா தன்னுடைய போத்தலை நீட்டினார். அதை ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சூசை என்று பெயர் வைத்தேன். பிறகு தோணி வந்தது. காயப்பட்டவர்களைப் பின்பக்கமாகப் பொலநறுவைக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறப் பார்த்தேன். தாலி கட்டாத பிள்ளை ஏறப்படாது என்று பெரியம்மா என் கையை விடவில்லை. நாங்கள் வெள்ளம் வடியும்வரை இருந்து, தண்டவாளத்தால் நடந்து வாழைச்சேனைக்கு வந்து சேர்ந்தோம்.

நீங்கள் பிழைத்தீர்கள் என்று தந்தி வந்த அன்று கோயிலுக்கு ஓடினேன். நன்றி சொல்லத்தான் போனேன். சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று பெரியம்மா எதிர்பார்த்தா. அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஞான உறவு உண்டாகிறது. திருச்சபையின் கணக்கில் நான் உங்களுக்குத் தாய் மாதிரி. தாயும் பிள்ளையும் கலியாணம் செய்ய முடியாது. சுவாமியார்களுக்கெல்லாம் தலைவரான திருகோணமலை மேற்றிராணியார் விலக்கு உத்தரவு தந்தால் ஒழிய முடியாது. அது வரும்வரை ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது என்று சுவாமியார் சொல்லிவிட்டார். கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, எழுதலாம் என்றார்.

இதுதான் நான் பயந்த செய்தி. கால் எப்படியிருக்கிறது என்று எழுதுங்கள்.

பிலோமினா


குருநாகல் ஆசுபத்திரி
1939 தை 3

பிலோமினாவுக்கு,

உம்முடைய கடிதத்தைப் படித்தபோது பக்கத்துக் கட்டில்காரர் தாதியைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்று நினைத்தாராம்.

எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன், பிழையென்றால் திருத்தும். உம்மைக் கட்டுவதற்காக நான் கிறிஸ்தவனாக வேண்டும் என்றார்கள். சரியென்றேன். வவுணதீவில் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போதும் என்னுடைய பெயரைச் சொல்லாமல் 'ரயில்காரன்' என்றுதான் சொல்கிறாவாம். லீவு நாளெல்லாம் சுவாமியாருடைய வீட்டு விறாந்தையில் இருந்து ஞானோபதேசம் பாடமாக்கினேன். இப்போது நான் கிறிஸ்தவனாகிவிட்டேன், ஆனபடியால் உம்மைக் கட்ட முடியாது. இப்படி ஒரு வண்டியை நான் எந்த லைனிலும் கண்டதில்லை. அந்தப் பாடமும் சுவாமியார் எனக்குச் சொல்லித் தந்த பகுதிக்குள் வரவில்லை.

சூசை என்று பெயர் வைத்தீராம். இங்கே ஆசுபத்திரிக்கு வருகிற சுவாமியிடம் கேட்டேன். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் அந்தப் புனிதர்தான் என்றார். உமக்கு வேறு பெயர் வாயில் வரவில்லையா?

இன்னொன்றும் அவரிடம் கேட்டேன், நம் கதை என்று சொல்லாமல். ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். கிழவி கொடுக்கலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்கூடச் சரியான எண்ணத்தோடு கொடுக்கலாமாம். அப்படியென்றால் உம்முடைய பெரியம்மா எதற்காக அந்த ரயிலில் வந்தா? அவ ஊற்றியிருந்தால் அவதான் எனக்கு ஞானத்தாய். நல்லது, அவவை நான் கட்டப்போவதில்லை. பெரியம்மாவைக் கூப்பிடாமல் நீர் ஏன் ஊற்றினீர்? இதை நான் கோபத்தில் மட்டும் கேட்கவில்லை. இரவு பகலாக என் தலையில் நிற்கிற கேள்வி இது.

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பெரியம்மா முன்பெட்டியில் இருந்தா. முகைதீன்பாவாவுக்கு இதெல்லாம் என்னவென்று தெரியாது. ஆக, உம்மைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சுவாமியாரிடம் போய், கலக்கத்தில் அப்படி நினைத்துக்கொண்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும். அவர் முறைப்படி ஊற்றட்டும். நத்தாரும் போய்விட்டது, விபூதிப் புதனில் தபசு காலம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் கலியாணத்தை வைக்கலாம்.

கனகசிங்கம் (சூசை என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை)


தாண்டவன்வெளி
1939 தை 15

கனகசிங்கம் அவர்களுக்கு,

நான் பொய் சொல்ல வேண்டும். அதுவும் எதைப் பற்றி? ஒருவர் ஒரு தரம் பெற்றதை இரண்டாம் தரம் பெறுவது பாவம் என்று தெரிந்துகொண்டு உங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதன் மேல் ஒரு தாலி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணைக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நான் முழந்தாளில் நிற்க வேண்டும். உங்களுக்கு இது ஒரு சின்ன வேலை, வண்டியை வேறு பாதைக்குத் திருப்பத் தண்டவாள முள்ளை மாற்றிவிடுகிற மாதிரி.

பெரியம்மாவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். எத்தனை தரம் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் அங்கே கட்டிலில் கிடக்கிறீர்கள். இங்கே நான் என்ன படுகிறேன் என்று யோசித்தீர்களா? கோயிலில் மூன்று ஞாயிறு நம்முடைய ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று தரம் கேட்டபோதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தடையைக் கொண்டுபோய்ச் சொன்னது மணப்பெண்தான். பூசைக்குப் போனால் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை, மகனுக்குக் கால் சுகமா என்று கேட்டா. நான் வகுப்பை விட்டு வெளியே வந்து நின்றேன்.

நமக்கென்று வெள்ளையடித்து வைத்த மேற்கு அறையில் அப்பா நெல்மூடை அடுக்கிவிட்டார். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிற வீடு, அதற்குள் யார் வருவது என்று கர்த்தர் முடிவு செய்கிறார் என்று அவர் சொல்கிறார். சைவப் பொடியனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு முதலே அரை மனது. இப்போது கர்த்தரே தன் பக்கம் என்று நினைக்கிறார்.

சுவாமியார் திருகோணமலைக்கு எழுதின மனு திரும்பி வந்திருக்கிறது. உத்தரவு தருவதற்கு முன்னால் அந்த ஞானஸ்நானம் செல்லுமா என்று அத்தாட்சி வேண்டுமாம். சொல்ல வேண்டிய சொல்லெல்லாம் முழுதாகச் சொன்னேனா? ஊற்றியது நல்ல தண்ணீரா? தேநீரோ இளநீரோ வேறெதுவுமோ என்றால் அது ஞானஸ்நானமே இல்லையாம். முகைதீன்பாவாவைக் கண்டு கேட்கவேண்டும் என்கிறார். அப்பா ஏறாவூருக்குப் போகமாட்டார். நான் எப்படிப் போவது?

பிலோமினா


மாகோ ஸ்டேசன்
1939 மாசி 1

பிலோமினாவுக்கு,

ஆசுபத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். காலில் ஒரு கம்பும் கையில் ஒரு கம்புமாக நடக்கிறேன். வண்டியில் போக விடமாட்டார்கள், இங்கே டிக்கட் கிழிக்க வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புப் பாதை திருத்தியாயிற்று. ஒவ்வொரு இரவும் உம்முடைய ஊருக்குப் போகிற வண்டிக்கு நான் பச்சை விளக்குக் காட்டி அனுப்புகிறேன். கேலி செய்வதென்றால் இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

ஆசிரியை சொன்னது எனக்கும் சுட்டது. அவ பெயரை எழுதும், நான் வந்து கால் சுகம் என்று நேரிலேயே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆனால் உம்முடைய கடிதத்தின் கடைசியில்தான் வழி இருக்கிறது, நீர்தான் அதைக் காணவில்லை. பொய் சொல்ல வேண்டாம். நிச்சயமில்லை என்று சொன்னால் போதும். வெள்ளத்துக்குள், இரத்தத்துக்குள், செத்துக்கொண்டிருக்கிறவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் ஒழுங்காகச் சொன்னேன் என்று எந்தப் பெண்ணால் சத்தியம் செய்ய முடியும்? ஒரு சொல் விழுந்துபோயிருக்கலாம். நாக்குத் தடுமாறியிருக்கலாம். அவர்களே கேட்கிறார்கள், சந்தேகம் என்று சொன்னால் கதவு திறக்கிறது. இதில் பாவம் எங்கே இருக்கிறது?

முகைதீன்பாவாவை நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன்.

உம்மிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உமக்கு இந்தக் கலியாணம் வேண்டுமா? வேண்டுமென்றால் எனக்காக ஒரு சின்ன அடி வையும். நான் உமக்காக என் அம்மாவை விட்டு, கும்பிட்ட சாமியை விட்டு வந்தவன். நீர் இன்னும் எதையும் விட்டதாக நான் காணவில்லை.

கனகசிங்கம்


தாண்டவன்வெளி
1939 மாசி 11

கனகசிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

நேற்றுப் பின்னேரம் சுவாமியாரிடம் போனேன். அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னேனோ என்று நிச்சயமில்லை என்றேன். அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். கீழே கையெழுத்து வைத்தேன். நான் ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். கல்முனையிலிருந்து ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்து போனார். மனைவி இறந்த வாத்தியார், இரண்டு பிள்ளைகள். விபூதிப் புதனுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு சொன்னார். நான் குசினியில் நின்று கேட்டேன். பெரியம்மா மட்டும் எனக்காக வாயைத் திறந்தா. அவவையும் அப்பா ஏசிவிட்டார். அதற்கு முதல்நாள்தான் உங்கள் கடிதமும் வந்தது. நான் எதையும் விட்டதாக நீங்கள் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

இப்போது விட்டுவிட்டேன். இனி நான் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை படிப்பிக்கும்போது பொய் சொல்லாதே என்கிற எட்டாவதில் வேகமாகப் போக வேண்டியிருக்கும்.

உங்களுக்குச் சந்தோசமாக இருக்கட்டும். எனக்கு இல்லை. உங்கள் மேல் எனக்கு வந்திருக்கிற கோபம் எப்போது போகும் என்று தெரியாது. கலியாணம் நடந்தாலும் அது போகாமல் அந்த மேற்கு அறைக்குள் நம்மோடு வந்து இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிலோமினா


ஏறாவூர்
1939 மாசி 12

பிலோமினா,

உன்னுடைய பதில் இன்னும் எனக்கு வரவில்லை. நான் மாகோவில் இல்லை. வந்தாலும் அங்கேதான் கிடக்கும். அதற்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

காலையில் வண்டியால் இறங்கி முகைதீன்பாவா காக்காவின் வீட்டுக்கு வந்தேன். என்னைக் கண்டவுடன் மனுசன் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார். அவருடைய மனைவி ஸகியா உம்மா கோழி அடித்துவிட்டா. சாப்பிட்டு முடிந்த பிறகு விசயத்தைச் சொன்னேன். எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னது இதுதான்:

"தம்பி, அண்டைக்கு எங்கிட்ட ரெண்டு போத்தல் இருந்திச்சி. ஒண்டுல தண்ணி, மத்ததுல எளனி. எதத் தூக்கிக் குடுத்தனெண்டு எனக்கு வெளங்கல்ல. பொய் சொல்லமாட்டன். ஆனா எளனியாவும் இரிக்கலாமெண்டு நான் சொன்னா அது பொய்யில்ல. சொல்லட்டா? ஒங்கட காரியம் முடியுமெண்டா இப்பவே வாறன், சுவாமிட்டப் போவம்."

நான் தேடி வந்தது கையில் கிடைத்துவிட்டது. நல்ல மனுசன், பொய்யும் இல்லை, இப்போதே வருகிறேன் என்று சால்வையையும் எடுத்துவிட்டார். நான் எழும்பவில்லை. எனக்கு என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். முதலில் கனவென்று நினைத்தேன். உன்னுடைய கடிதம் வந்தபோது கனவில்லை என்று தெரிந்துவிட்டது. கண் திறக்க முடியவில்லை, காது கேட்டது. நீ என்னுடைய பழைய பெயரைச் சொல்லித் தொடங்கினாய். அழுகை வந்து நின்றுவிட்டாய். பிறகு முதலில் இருந்து தொடங்கி, சூசை, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரித்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று ஒரு சொல் விடாமல் சொன்னாய். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். தண்ணீர் நெற்றியால் வழிந்து என் வாய்க்குள்ளும் வந்தது. அது இளநீர் இல்லை. தித்திக்கவில்லை. வெறும் தண்ணீர். என் நாக்குக்குத் தெரியும்.

செத்துப்போகிறேன் என்று எனக்குத் தெரியும் பிலோமினா. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் இல்லை, ஒருவருமில்லை, காட்டு நடுவில் கிடக்கிறேன் என்று இருந்தது. உன் சத்தம் கேட்ட பிறகு அந்தப் பயம் இல்லை. அது இளநீர்தான் என்று இன்றைக்கு நான் சொன்னால், அப்போது நீ எனக்குச் செய்தது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அதைச் சொல்ல என்னால் முடியாது. உன்னைச் சொல்லச் சொல்லி எழுதினேனே, அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. நிச்சயமில்லை என்று நீ சொல்லாதே. சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ என்னைப்போல் இல்லை.

காக்காவையும் கூட்டிக்கொண்டு மத்தியானம் மட்டக்களப்புக்குப் போய்ச் சுவாமியாரைக் கண்டேன். உன் வீட்டு ஒழுங்கைக்குள் வரவில்லை, பார்க்கக்கூடாது என்ற சொல்லைக் காப்பாற்றினேன். காக்கா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: சொல் முழுதாகச் சொல்லப்பட்டது, ஊற்றியது தண்ணீர், வேண்டுமென்று நினைத்துத்தான் பெற்றேன். சுவாமியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது உனக்குப் பாதகமாக முடியலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சூசை கனகசிங்கம் என்று கையெழுத்து வைத்தேன்.

உத்தரவு வராமலே போகலாம். அப்படிப் போனால் நான் வாழ்நாள் முழுதும் உனக்குப் பிள்ளை. அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. உன் மேல் இனிக் காட்டமாட்டேன்.

சூசை


தாண்டவன்வெளி
1939 பங்குனி 24

அன்புள்ள மச்சானுக்கு,

என்னுடைய மாசிக் கடிதம் மாகோவில் உங்களுக்காகக் கிடந்திருக்கும். படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. சுவாமியார் எழுதக்கூடாது என்றுவிட்டார், அதனால்தான்.

உங்களுடைய ஏறாவூர்க் கடிதத்தைப் படித்து முடிக்குமுன்னமே செருப்பும் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். சுவாமியார் என்னுடைய காகிதத்தையும் உங்களுடைய காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அவரை அவ்வளவு கோபத்தில் நான் கண்டதில்லை. படித்த பெண் பொய்யைக் கொண்டு வந்து தருகிறாள், ஞானோபதேசம் பாதியில் விட்ட பொடியன் உண்மையைக் கொண்டு வந்து தருகிறான், நான் யாருக்குக் கோயில் நடத்துகிறேன் என்று கேட்டார். என் காகிதத்தை நான் கேட்குமுன்பே கிழித்தார். அதை அவர் அனுப்பவேயில்லை. மறுநாளே தானே கல்முனைக்குப் போய், இந்தப் பெண்ணின் காரியம் மேற்றிராணியாரிடம் இருக்கிறது, வேறு பேச்சு வேண்டாம் என்று அந்த வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். அப்பா ஒரு கிழமை சுவாமியாரோடு கதைக்கவில்லை.

தபசு காலம் முழுதும் உங்களுக்கு எழுதக்கூடாது என்பது எனக்கு அவர் இட்ட தண்டனை. உத்தரவு வந்தால் மட்டும் எழுதலாம் என்றார்.

நேற்று வந்துவிட்டது. சுவாமியார் தானே வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். அப்பா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மேற்கு அறைக்குள் போய் நெல்மூடையை வெளியே இழுக்கத் தொடங்கினார். ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை, முணுமுணுத்துக்கொண்டு தானே இழுத்தார். தபசு காலம் முடிந்து பாஸ்கு ஞாயிறு கழிந்ததும் கலியாணத்துக்குத் திகதி வைக்கலாம். உங்களுக்குத் தலையில் தண்ணீர் இனி ஊற்றமாட்டார்கள். நாக்கில் உப்பு வைத்து எண்ணெய் பூசுகிற சடங்கு மட்டும் பாக்கி.

உங்கள் அம்மாவிடம் பெரியம்மாவும் நானும் தோணியில் போய்வந்தோம். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. ஆனால் மகனுக்குக் கால் நோகாமல் இருக்க வேண்டுமென்றால் நல்லெண்ணெய் போட வேண்டும் என்று வாசலில் நின்று சொன்னா. இனி என்னோடும் கதைக்க மாட்டா என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மாவை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். பதில் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்கிறேன்.

ஊற்றினவரும் பெற்றவரும் கட்ட முடியாது என்ற அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். போத்தலை வாங்கும்போதே தெரியும். சுவாமியார் சொல்லித்தான் தெரிந்தது என்று நீங்கள் நினைத்தீர்கள், நான் திருத்தவில்லை. பெரியம்மா பக்கத்துப் பெட்டியில்தான் இருந்தா. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பா. நான் திரும்பியும் பார்த்தேன். அவ படியில் காலை வைத்து, தண்ணீருக்குள் இறங்கி, அணைக்கு ஏறி வர வேண்டும். அவ வந்து ஊற்றினால் நீங்கள் எனக்கு. அவவைக் கூப்பிட வாயைத் திறந்தேன் மச்சான். அப்போது உங்கள் நெஞ்சு எழும்பவில்லை. அடுத்த மூச்சு வரவில்லை.

நான் எதையும் விட்டதாகக் காணவில்லை என்று எழுதினீர்களே, நான் அந்த இடத்தில் உங்களை விட்டுவிட்டுத்தான் தண்ணீரை ஊற்றினேன். இனி வேறு எதை வேண்டுமானாலும் விடச் சொல்லுங்கள், விடுகிறேன். உங்களை இன்னொரு தரம் விட என்னால் ஏலாது.

பிலோமினா